முப்பதைத் தாண்டியும் எண்ணினீர்கள்

அக்கா,

இன்று காலை உங்கள் பை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியர் அறையில் இருந்த உங்கள் அலமாரியைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். உங்கள் தம்பியும் பிரான்சில் மார்செய்க்குப் போய்விட்டதால், பையை யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல் ஐந்து மாதம் வைத்திருந்திருக்கிறார்கள். உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டை இப்போதுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். அதில் என் பெயரும் இந்த வீட்டு விலாசமும் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. அதை எப்போது ஒட்டினீர்கள் அக்கா? நான் உங்களிடம் அப்படிப் பேசியதற்கு முன்பா, பின்பா? காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பைக்குள் ஒரு மடக்குக் குடை, இரண்டு சிவப்புப் பென்சில், ரோனியோ மெஷினில் நகலெடுத்த பாடக்குறிப்பு ஒரு கட்டு, மூடி சரியாகப் பூட்டாத பச்சைத் தைலப் புட்டி, தொண்டை மிட்டாய் அடைத்து வந்த ஒரு தகரப் பெட்டி. பெட்டியைத் திறந்தேன். நகத்தளவு தேய்ந்த சாக்பீஸ் துண்டுகள். தைலம் ஒழுகி அவற்றிலும் ஏறியிருந்தது. சுண்ணாம்பும் பச்சைத் தைலமும் கலந்த அந்த வாசனை வந்ததும் சட்டென்று மூடிவிட்டேன். நீங்கள் மாடிப்படி ஏறி வருகிறீர்கள் என்றே ஒரு கணம் நினைத்தேன். பிறகு திறந்தேன், மறுபடியும் மூடினேன். மூன்றாம் தடவை திறந்தபோது என் பிள்ளை அந்துவான் முழங்காலருகே வந்து நின்று பெட்டிக்குள் மூக்கை நுழைத்தான்.

அவனைப் பற்றித்தான் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை அவனைக் கன்னியர் பள்ளிக்குக் கூட்டிப்போகிறோம். மூன்று வயதும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன, இன்னும் ஒரு சொல் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும், அதுதான் பள்ளியின் விதி. சொல்லாவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருக்கிறது, பேச வராத பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று தலைமைக் கன்னியர் மிக அன்பாகச் சொன்னார். மாமா, அதாவது என் மாமனார், "அதுவும் நல்ல ஏற்பாடுதான்" என்றார். அவர் பிரான்சுக்குக் குடும்பத்தோடு போய்ச்சேரத் தாள்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அந்தத் தாள்களில் அந்துவானின் பெயருக்கு எதிரே, உடன் வருகிறாரா என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

இப்போது வெளியே மழை. மாமா மதியத் தூக்கத்தில் இருக்கிறார், கணவர் அலுவலகத்தில். எழுதிவிடுகிறேன். எப்படியும் நேரம் கடந்துதான் எழுதுகிறேன்.

உங்களை நான் முதலில் அறிந்தது மூன்றாம் மாடி அக்காவாக. மசூதிக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில் நாங்கள் முதல் மாடி. கையெல்லாம் ஊதா மை அப்பிக்கொண்டு, மோட்டார் வைத்த சைக்கிளைத் தள்ளியபடி நீங்கள் உள்ளே வருவீர்கள். "என்ன மதாம், மறுபடியும் ரோனியோ மெஷினோட சண்டையா?" என்று கீழ்க்கடைத் துணிக்காரர் கேட்பார். "இன்னைக்கு அதுதான் ஜெயிச்சுது பாய்" என்பீர்கள். சுங்க இலாகாவில் எழுத்தராக இருந்த காரைக்கால்காரர் மகள், கப்பலேறிப் போய் மனோதத்துவம் படித்து வந்தவள், கல்யாணம் வேண்டாம் என்றவள் என்று உங்களைப் பற்றிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள். கடைசிச் செய்திக்குத்தான் அதிகம் தாழ்த்துவார்கள்.

பிறகு நான் கல்லூரியில் சேர்ந்தேன். நீங்கள் வகுப்பில் எப்படி இருப்பீர்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெரிய கூடம், மின்விசிறிகள் பாதி ஓடவில்லை, ஜன்னல் விளிம்பில்கூட மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் உள்ளே வந்து தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு, வியட்நாமிய மொழியில் கேட்டீர்கள்: "கடைசியாக நீங்கள் எப்போது பயந்தீர்கள்?" அவ்வளவுதான். யாரும் பேசவில்லை. மற்ற பேராசிரியர்களாக இருந்தால் தாங்களே பதிலைச் சொல்லி மேலே போயிருப்பார்கள். நீங்கள் சும்மா நின்றீர்கள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"கோ ஜெபம் பண்றாங்க" என்று என் பக்கத்திலிருந்தவள் கிசுகிசுத்தாள். ஆசிரியையை இங்கே அப்படித்தானே சொல்வார்கள். "இந்தியர்கள் இப்படித்தான், வேலையைத் தொடங்கும் முன்னே மந்திரம் சொல்வார்கள்" என்றான் முன்னால் இருந்தவன். அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உங்கள் உதட்டைப் பார்த்தேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"எத்தனை வரைக்கும் பார்த்தே?"

"இருபத்திரண்டு, அக்கா. அப்புறம் ஒருத்தன் எழுந்து பதில் சொல்லிட்டான்."

"இங்கே மதாம். வீட்டிலேதான் அக்கா. முப்பது வரைக்கும் எண்ணுவேன். வெளியே சொல்லிடாதே, மந்திரம்னே இருக்கட்டும். மந்திரம்னா கொஞ்சம் மரியாதை இருக்கு."

நான்கு வருஷம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன். உங்களிடம் நான் காப்பாற்றிய ஒரே நம்பிக்கை அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் வேலை நாள் எப்படிப்பட்டது என்று கட்டடத்தில் யாருக்குத் தெரியும்? முதலில் பிரெஞ்சில் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். பிறகு எல்லாம் வியட்நாமிய மொழியில்தான் என்று ஆனது. உங்கள் வயதுக்காரர்கள் சிலர் ராஜினாமா செய்தார்கள், சிலர் பழைய குறிப்பையே வைத்துக்கொண்டு பாதி புரிய, பாதி புரியாமல் ஓட்டினார்கள். நீங்கள் காலையில் சந்தைக்குப் போய் மீன்காரியிடம், "மனசுக்குள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தால் நீங்கள் அதை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவீர்கள். படித்த புத்தகங்களில் இருந்த பனியையும் கணப்படுப்பையும் பொம்மை ரயிலையும் எடுத்துவிட்டு, வாத்து விரட்டும் பிள்ளைகளையும் ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகளையும் பாடத்தில் வைத்தீர்கள். உச்சரிப்பு சறுக்கினால் கூடமே சிரிக்கும். நீங்களும் சிரித்துவிட்டு, திருத்தியவனைக் கரும்பலகைக்கு அழைத்துச் சரியாக எழுதவைப்பீர்கள். அமெரிக்கர்கள் இருந்த நாளில் குளிர்சாதன அறையும் காரும் தருகிறோம், ஆட்களைச் சோதித்துத் தேர்ந்து கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள்.

"தாளைக் குடுக்கணும், மணியைப் பார்க்கணும், தாளைப் பிடுங்கணும். பதில் எழுதினவன் மூஞ்சியை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அது எனக்கு வேலையா?" என்றீர்கள். ஏழு மணி வகுப்புக்கு ஆறரைக்கே போய், முதல் வரிசை பெஞ்சுகளின் தூசியை நீங்களே துடைத்தீர்கள். அதுதான் உங்களுக்கு வேலை.

எதற்கு முப்பது என்று ஒருநாள் கேட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பம்பளிமாசை உரித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சுளையின் வெள்ளைத் தோலை நூல் நூலாக எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"வாய்மொழித் தேர்வு" என்றீர்கள் கடைசியில். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பையன். நல்ல பையன், மூணாம் வரிசையில உட்காருவான். கேள்வி கேட்டேன். மேசையைப் பார்த்துக்கிட்டே நின்னான். வெளியே இன்னும் நாற்பது பேர் நிக்கிறாங்க, எனக்குப் பசி வேற. 'அடுத்தவர்'னு சொல்லிட்டேன். கதவுகிட்ட போய்த் திரும்பி நின்னு பதிலைச் சொன்னான். ரொம்பச் சரியான பதில். நான் அதுக்குள்ளே பூஜ்யம் போட்டுட்டேன். அடுத்தவன் நாற்காலியில உட்கார்ந்தும் ஆச்சு."

"திருத்தியிருக்கலாமே அக்கா?"

"மையில போட்டுட்டேன். அதிலேர்ந்துதான் பென்சில்."

தேர்வில் தவறினால் படிப்புக்கென்று கிடைத்த விலக்கு போய்விடும், பட்டாளத்துக்கு அழைப்பு வந்துவிடும் என்பது இங்கே பால்காரருக்கும் தெரியும். அவன் என்ன ஆனான் என்று நான் கேட்டேன். "தெரியாது. தேடினேன். எந்தப் பட்டியல்லேயும் அவன் பேர் இல்லை. நல்ல பட்டியல்லேயும் இல்லை, கெட்ட பட்டியல்லேயும் இல்லை" என்றீர்கள். சுளையைப் பிய்த்து என் கையில் வைத்தீர்கள். "அப்புறம் வீட்டுக்கு வந்து கடிகாரத்தை வச்சு எண்ணிப் பார்த்தேன். நான் கேள்வி கேட்டதிலேர்ந்து கதவுகிட்ட அவன் வாய் திறந்த வரைக்கும் முப்பது."

அந்த வருஷத்திலிருந்து உங்கள் வாய்மொழித் தேர்வுகள் மாலை விளக்கு வைத்த பிறகும் ஓடின. மற்ற ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். நீங்கள் முப்பது எண்ணிவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வா" என்று அனுப்பி, வந்தவனுக்கு மறுபடியும் முப்பது எண்ணினீர்கள். பட்டாள முகாம்களிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களை நான்தானே அடுக்கி வைத்தேன். ஒருவன்கூடப் பாடத்தைப் பற்றி எழுதவில்லை. "கோ, இங்கே யாரும் காத்திருப்பதில்லை" என்று ஒருவன் எழுதியிருந்தான்.

இவ்வளவும் அறிந்த நான்தான் என் பிள்ளைக்கு ஐந்துகூட எண்ணவில்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே மாமாவின் சட்டம் இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளை பிரான்சில் வளரப்போகிறது, அதன் காதில் பிரெஞ்சைத் தவிர எதுவும் விழக்கூடாது. தமிழ் வேண்டாம். வியட்நாமிய மொழி வேண்டவே வேண்டாம். புதுச்சேரியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக எந்த ஊரிலும் முழுசாக ஒட்டாமல் போனது இந்தக் கலவைப் பேச்சால்தான் என்பது அவர் கணக்கு. பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் சி பா, குச்சி என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் சண்டையில் வீடு எரிந்து இங்கே வந்தவள், அவளுக்குப் பிரெஞ்சில் மூன்று சொல்கூடத் தெரியாது. அதனால் பிள்ளை முன்னால் வாயே திறக்கக்கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்தோம். நாங்களே சொல்லிவைத்தோம் அக்கா! அவள் அவனைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், தொட்டிலில் ஆட்டினாள், எல்லாம் ஊமைப்படம் மாதிரி. பாட்டு வாயில் வந்துவிட்டால் கையால் பொத்திக்கொள்வாள். கணவர் அலுவலகத்திலிருந்து வந்ததும், பள்ளி வாத்தியார் போல் திருத்தமான பிரெஞ்சில் நாலு வாக்கியம் சொல்வார். மாமா செய்தித்தாள் படிப்பார். நான் மேசையைக் காட்டி, கரண்டியைக் காட்டி, ஜன்னலைக் காட்டி, பிரெஞ்சில் "இது என்ன?" என்பேன். அவன் என் வாயைப் பார்ப்பான். பதிலை நானே சொல்வேன். அடுத்த பொருள்.

ஒன்றரை வயதில் எனக்குப் பயம் பிடித்தது. உங்களிடம் படித்தவள் அல்லவா, ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, மணி, காட்டிய பொருள், எதிர்வினை. எதிர்வினை என்ற இடத்தில் 'இல்லை' என்று பக்கம் பக்கமாக எழுதினேன். உங்களிடம் வந்திருக்க வேண்டும். நாலு தெரு தள்ளித்தான் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் பார்த்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். நீங்கள் இங்கே வந்தபோதெல்லாம், "தூங்குறான் அக்கா" என்றேன். காலை பத்து மணிக்கும் தூங்கினான், சாயங்காலம் ஐந்துக்கும் தூங்கினான். "நல்ல தூக்கம்தான்" என்று சொல்லிவிட்டு, சூடு ஆறும்முன் காப்பியைக் குடித்துவிட்டுப் போவீர்கள்.

பிறகு ஒருநாள் அவனே அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நம் நடுவில் நின்றான். நீங்கள் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள். தகரப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தரை ஓட்டின்மேல் வைத்தீர்கள். உங்கள் உதடு அசைந்தது. அவன் சாக்பீசைப் பார்க்கவில்லை, உங்கள் உதட்டையே பார்த்தான். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டான்.

"இருபத்தி நாலு" என்றீர்கள் என்னைப் பார்த்து. "என் மாணவர்கள்லே பாதிப்பேரைவிட இவன் வேகம்."

அதற்குப்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வகுப்பு முடிந்து வந்தீர்கள். முதலில் உதட்டால், பிறகு மெல்லிய குரலில், அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணுவீர்கள். அவன் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துண்டை வரிசையில் வைப்பான். பக்கத்து அறையில் மாமா இருமுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்தேவிட்டார்.

"இவ்வளவு படிச்ச மதாம், ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்கா கல்லூரியிலே உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆமாங்கய்யா. ரொம்ப வருஷமா அதுக்குத்தான்" என்றீர்கள், எண்ணிக்கையை விடாமல். மாமா செய்தித்தாளை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லித் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

எனக்கு அது போதவில்லை. எனக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு நோயின் பெயரானாலும் சரி. ஒரு வியாழக்கிழமை நோட்டுப் புத்தகத்தை உங்கள் மடியில் வைத்து, "சொல்லுங்க அக்கா, இவனுக்கு என்ன?" என்றேன்.

நீங்கள் பத்துப் பக்கம் படித்தீர்கள். "தெரியலை" என்றீர்கள்.

"பெரிய பட்டம் வாங்கினவங்க, தெரியலைன்னா?"

"தெரியாததைத் தெரியலைன்னு சொல்லத்தான் கப்பலேறிப் போய்ப் படிச்சேன். ஆனா ஒண்ணு மட்டும் தெரியுது. இது குழந்தையைப் பத்தின நோட்டு இல்லை, நீ அவனுக்கு வச்ச பரீட்சை. ஒரு நாளைக்கு அறுபது கேள்வி. எல்லாத்துக்கும் பூஜ்யம். அதுவும் மையிலே." பிறகு மெதுவாக, "சி பாவைப் பேசவிடு. நீயும் உனக்குத் தூக்கத்திலே வர்ற பாஷையிலே பேசு. அப்புறம் வாயை மூடிக்கிட்டுக் கொஞ்சம் இரு" என்றீர்கள்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். "உங்களுக்கென்ன தெரியும்? நீங்க பெத்தீங்களா, வளர்த்தீங்களா?"

சி பா கையில் துணியோடு வாசலில் நின்றுவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் குரல் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்தபடி இருந்தீர்கள். உங்கள் உதடு அசைந்தது. எனக்காக எண்ணினீர்கள். முப்பதுக்குள் நான் திருப்பி எடுத்துக்கொண்டுவிடுவேன் என்று காத்திருந்தீர்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. வியாழக்கிழமை வர்றேன்" என்று எழுந்தீர்கள்.

வந்தீர்கள். அதற்கடுத்த வாரமும், ஒன்றுமே நடக்காதது போல். அதற்கும் அடுத்த வாரம் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சிறுநீரகம் என்றார்கள். பார்வையாளர் நேரத்தில் நான் ஒருமுறை வந்தேன், அவனை அழைத்து வராமல். மணிக்கட்டில் பச்சைத் தைலம் தடவியிருந்தீர்கள். தலைமாட்டில் திருத்தாத தாள்கள் ஒரு கட்டு. "இந்த வருஷப் பசங்க மோசமில்லை" என்றீர்கள். பிறகு பேசாமல் இருந்தீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய.

நான் வாயைத் திறந்தேன் அக்கா. சொல் தொண்டை வரைக்கும் வந்தது. உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. எந்த மாணவனுக்கும் நீங்கள் ஒரே மூச்சில் அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை. நாற்பத்தொன்று வரை வந்தபோது, நேரம் முடிந்தது என்று செவிலி திரையை விலக்கினாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் நீங்கள் இல்லை.

அதற்குப்பின் என்னென்னவோ செய்தேன். சீனர்கள் பேட்டையான சோலோனில் ஒரு வைத்தியர் கொடுத்த கசப்பு வேரை அரைத்து நாக்கில் தடவினேன். அவன் அழுதான், அந்த அழுகையில் ஏதாவது சொல் இருக்கிறதா என்று காது கொடுத்தேன். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு, கணவருக்குத் தெரியாமல் மாரியம்மன் கோவிலுக்கும் போனேன். வியட்நாமியப் பெண்கள் அங்கே கருங்கல் சுவரில் முகத்தை அழுத்தி வேண்டுதலைச் சொல்வார்களே, அப்படி அழுத்திக்கொண்டு நின்றேன். என் வாயிலும் ஒன்றும் வரவில்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பாருங்கள், அவன் எங்கிருந்து இதைக் கற்றுக்கொண்டான் என்று.

இன்று காலை அவன் பெட்டிக்குள் மூக்கை விட்டான் என்று சொன்னேன் அல்லவா. பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு துண்டுகளைக் கொட்டினான். நானும் உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியவில்லை, நீங்கள் செய்ததுபோல் எண்ணத் தொடங்கினேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார், அதனால் கொஞ்சம் குரல் விட்டே. ஒன்று. அவன் ஒரு துண்டு வைத்தான். இரண்டு. எட்டு வந்தது, ஒன்பது வந்தது. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன்.

பின்னாலிருந்து, "பத்து" என்றது ஒரு குரல்.

நான் அதுவரை கேட்டிராத குரல். கொஞ்சம் கரகரப்பு. பால் வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் சி பா சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். "கேட்டியா?" என்றேன் அவள் மொழியில். "கேட்டேன் அம்மா. நான் பேசலை, சத்தியமா நான் பேசலை" என்றாள், பயந்துபோய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் முன்னால் மண்டியிட்டு, தோளைப் பிடித்து, "இன்னொரு தடவை சொல்லு, என் கண்ணு, இன்னொரு தடவை" என்றேன். பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். அவன் வாய் இறுகிக்கொண்டது. கண் மேசைக்கடியில் போய்விட்டது. உங்கள் மூன்றாம் வரிசைப் பையனை அப்போதுதான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கையை எடுத்தேன். தள்ளிப்போய் உட்கார்ந்தேன். உதட்டுக்குள் எண்ணினேன். முப்பது வரை ஒன்றும் இல்லை. பயமாக இருந்தது, இருந்தாலும் மேலே எண்ணினேன். ஐம்பத்துச் சொச்சத்தில் அவன் வந்து என் மடியில் தலைவைத்துப் படுத்தான். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

அது ஒரு சொல்தானா, அக்கா? உங்கள் பாடத்தில் அதைச் சொல்லென்று ஒத்துக்கொள்வீர்களா, அல்லது வெறும் எதிரொலி என்பீர்களா? திங்கட்கிழமைக்குள் இன்னொன்று வருமா? தெரியலை என்றுதான் சொல்வீர்கள். நானும் இப்போது அதையே சொல்லிப் பழகுகிறேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து இன்றைய தேதி போட்டு, "பத்து" என்று எழுதினேன். பென்சிலில். சி பாவிடம், இனிமேல் நீ பேசு, பாடு, திட்டக்கூடச் செய் என்று சொல்லிவிட்டேன். "பெரியவர்?" என்று மாமா அறையைக் காட்டினாள். "அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை. அவர் எழுந்ததும் சொல்ல வேண்டும், அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். இந்தக் கடிதம் முடியாமல் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

திங்கட்கிழமை அந்தக் கன்னியர் அவன் பெயரைக் கேட்பார். உடனே என்னைப் பார்ப்பார், எல்லோரும் அப்படித்தான். நான் பதில் சொல்லப்போவதில்லை. "மன்னிக்கணும் அம்மா, முப்பது வரைக்கும் எண்ணுங்க" என்று கேட்கப்போகிறேன். மந்திரம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவர் எண்ணாவிட்டால் நான் எண்ணுவேன், அவர் எதிரிலேயே. எண்ணி முடித்தும் அவன் வாய் திறக்காவிட்டால் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடியும் எண்ணுவேன். அதன் பிறகும் இல்லையென்றால் அவனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவேன், விடுதிக்கு அல்ல. என் கைப்பையில் ஒரு சாக்பீஸ் துண்டைப் போட்டுவைத்திருக்கிறேன். அதற்குள் பையெல்லாம் தைல வாசனை.

மாமா அறையில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் சொன்னது தப்பு, அக்கா. நீங்கள் எத்தனை பேரை வளர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும், அந்தக் கடிதங்களை அடுக்கியவள் நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள். கதவருகே போய்த் திரும்பி நின்று சொல்கிறேன், நீங்கள் அடுத்தவரைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

நாற்பத்தொன்றில் விட்டீர்கள். இப்போது எத்தனையில் இருக்கிறீர்கள்?